தப்பட்டைக்கு வாடகை

அன்றைக்கு யார் யார் இருந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இப்போது அதைப் பற்றிப் பேச்சு வந்தால் வராதவர்களெல்லாம் வந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

எங்கள் பக்கம் ஏழு பேர். தப்பட்டை அடிக்க நான்கு பேர்: கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் மச்சான், கம்பெனி வேன் ஓட்டுகிற காங்கேயத்து அண்ணன், நிட்டிங் மிஷினில் நைட் ஷிப்ட் பார்க்கிற பீகார்க்காரத் தம்பி, அப்புறம் நான். பாட்டுக்கும் கும்மிக்கும் மூன்று பெண்கள்: டெய்லர் வேலை பார்க்கிற பாட்டுக்கார அக்கா, செக்கிங் டேபிளில் நிற்கிற அவருடைய சிநேகிதிகள் இரண்டு பேர். கம்பெனி பக்கம் முதலாளியம்மா, மேனேஜர், அயர்ன் மாஸ்டர், ஆயுதபூசைக்குப் புதுத்துணி உடுத்தி வந்திருந்த வேலையாட்கள். பரோட்டா மாஸ்டர் வந்திருந்தார் என்று சொல்ல முடியாது. நாங்கள்தான் அவரிடம் போனோம். பக்கத்து லேத் பட்டறைக்காரர் தானும் கூட்டத்தில் நின்றதாகச் சொல்வார். அவர் இல்லை. நான் நன்றாகப் பார்த்தேன்.

நன்றாகப் பார்ப்பதுதான் என் வியாதி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கப் போனவன் நான். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியைப் பிடித்து மடித்து அடுக்குகிற வேலை. அப்போதே, அடுக்கினதில் ஒன்று குறைந்திருக்குமோ என்று திரும்பத் திரும்ப எண்ணுவேன். இப்போது பேக்கிங்கில் இருக்கிறேன். பெட்டியை ஒட்டி லாரியில் ஏற்றிய பிறகு, எல் சைஸ் பெட்டிக்குள் எம் சைஸ் போயிருக்குமோ என்று தோன்றும். லாரி துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்று யாராவது சொல்கிற வரைக்கும் சோறு இறங்காது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். மச்சான் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'கவலைக் கம்பெனி ஓனர்'. டாக்டரிடம் போனேன். "மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். அந்த மாத்திரையைச் சாப்பிட்டேனா இல்லையா என்பதும் ஒரு கவலையாகச் சேர்ந்துகொண்டது.

தப்பட்டை அடிக்கும்போது மட்டும் அது இல்லை. ஒரு கை தடிக்குச்சியில், ஒரு கை மெல்லிய சுள்ளுக்குச்சியில், காது அடுத்தவன் அடியில். கவலைப்பட வேறு உறுப்பு மிச்சம் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை பொழுதோட, சாயங்காலம் ஒரு மணி நேரம் நெஞ்சு அதுபாட்டுக்கு ஒழுங்காக அடிக்கும். அதற்காகத்தான் மற்ற ஆறு நாளையும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குழு நல்லூரில் ஒரு காலி சைட்டில் தானாகக் கூடினது. மச்சான் ஒரு தப்பட்டை வாங்கி வந்து அங்கே தட்டிப் பார்த்தான். லைன் வீட்டிலிருந்து பாட்டுக்கார அக்கா எட்டிப் பார்த்து, "தாளம் தப்பு, நிறுத்து" என்றார். அப்படி ஆரம்பித்தது. கோயில் நோம்பி, புதுவீடு, காதுகுத்து, ரத்ததான முகாம் எல்லாவற்றுக்கும் போவோம். யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால் தெருத்தெருவாக அடித்து, துண்டில் விழுகிற காசை அவர்கள் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம். மேடை ஏற மாட்டோம். எங்களுக்கு இருக்கிற ஒரே சட்டம், கும்மி வட்டத்துக்குள் யார் வந்து நின்றாலும் வெளியே போகச் சொல்லக் கூடாது. பீகார்க்காரத் தம்பி அப்படித்தான் வந்தான். சோப்பு வாங்கக் கடைக்குப் போனவன் வட்டத்துக்குள் வந்து நின்றான். அடுத்த வாரம் அவன் கையில் தப்பட்டை இருந்தது.

போன வருடம் அந்தச் சைட் விற்றுப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனால், நாங்கள் நிற்கிற இடத்தில் அஸ்திவாரக் குழி. அதிலிருந்து இடம் தேடி அலைந்தோம். ஒரு வீட்டுக்காரர், "தப்பட்டையா? அது எழவு ஊட்டுச் சத்தமுங்களே" என்று கேட்டைச் சாத்தினார். இன்னொருவர் மாடியைத் தருவதாகச் சொல்லி, அவர் சம்சாரம் வந்ததும் தரவில்லை என்றார். மூன்று ஞாயிறு கூடாமலேயே போனது. மச்சான் கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தான். வேன் அண்ணன் ஞாயிறு டிரிப்புக்கு ஒத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு குழு உடைவது பெரிய சண்டையில் இல்லை, இப்படித்தான் என்று எனக்குத் தெரிந்தது. ராத்திரி படுத்தால் தலையணையில் என் விரல்கள் தட்டிக்கொண்டிருந்தன. சம்சாரம் எழுந்து அடுத்த அறைக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

பாட்டுக்கார அக்கா தன்னுடைய முதலாளியம்மாவிடம் கேட்டார். கம்பெனிக்குப் பின்னால் பழைய நிட்டிங் செட் ஒன்று காலிக் கொட்டகையாகக் கிடந்தது. மிஷினையெல்லாம் விற்றுவிட்டார்கள். கேட்கப் போனபோது துணைக்கு என்னையும் கூட்டிப்போனார்.

"அந்தச் செட்டு சும்மாதானுங்க கெடக்குது" என்றார் அக்கா.

"சும்மா கெடக்கறது சத்தம் போடாமக் கெடக்குதல்ல?" என்றார் முதலாளியம்மா.

ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். கணவர் இறந்த பிறகு கம்பெனியைத் தனியாக நடத்துகிறவர். கால்குலேட்டரிலிருந்து கையை எடுக்காமலேயே பேசுவார். கொஞ்ச நேரம் எதையோ கூட்டிவிட்டுச் சொன்னார்:

"எங்க ஊட்டுக்காரரைத் தூக்கிட்டுப் போறப்ப அடிச்சாங்க. அதுக்கப்புறம் அந்தச் சத்தம் எங்க கேட்டாலும் சன்னலைச் சாத்திப்போடுவேன். ஆயுதபூசைக்கு வந்து அடியுங்க. நான் நின்னு கேக்க முடிஞ்சா ஞாயித்துக்கெழமைக்குச் செட்டு உங்களுக்கு. முடியலைன்னா முடியலைன்னு சொல்லிப்போடுவேன். மனசுல வெச்சுக்கப்படாது."

அன்றிலிருந்து ஆயுதபூசை வரைக்கும் நான் எப்படி இருந்தேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கும் படபடப்பு வந்துவிடும். விடுங்கள்.

பூசை காலையில் தூறல். தப்பட்டைத் தோலுக்கு ஈரக்காற்று ஆகாது, தொய்ந்துவிடும். அதனால் நல்லூரிலேயே தீ மூட்டினோம். நாங்கள் தீ மூட்டுவது பனியன் வேஸ்ட் துணியில். அதுவும் சுத்தக் காட்டன் வேஸ்டாகப் பார்த்து மச்சான் கட்டிங் டேபிளிலிருந்து கொண்டுவருவான். நான்கு தப்பட்டையும் காய்ந்து, விரல் நுனி பட்டாலே கணீர் என்றது. வேனில் ஏற்றிக்கொண்டு போனோம். அங்கே போனால் பூசாரி வரவில்லை. ஏற்கனவே இரண்டு கம்பெனியில் மாட்டிக்கொண்டாராம். வாழைக்கன்று கட்டி, மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் பொட்டலம் போட்டு எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். தூறல் விடவில்லை. நான் தப்பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சூடு இறங்கிக்கொண்டே வந்தது. கடைசியில் நான்கும் தொய்ந்துபோனது.

மச்சான் வேஸ்ட் துணிச் சாக்கை இறக்கினான். எங்கிருந்தோ மேனேஜர் ஓடி வந்தார்.

"தீப்பெட்டி இருக்குதா?"

"இருக்குதுங்க."

"குடுங்க இப்படி. காம்பவுண்டுக்குள்ள ஒரு பொறி பறந்தாக்கூட என் வேலை போயிருமுங்க. பூராத் துணி, பூராப் பஞ்சு. சரக்கு எடுக்கற பையர் ஆளு வந்து சாம்பலைப் பார்த்தான்னா ஆர்டரே போச்சு."

தீப்பெட்டி அவர் சட்டைப் பைக்குப் போனது. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மச்சானைப் பார்த்தார். அப்போதுதான் அயர்ன் மாஸ்டர் வந்தார். குன்னத்தூர்ப் பக்கத்துக்காரர். புது வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"ஏனுங்க, உங்களுக்குச் சூடுதானுங்களே வேணும்? தீ எதுக்குங்க? காலையிலிருந்து பொழுதோட வரைக்கும் நான் சூடுதானுங்க குடுத்துட்டிருக்கறேன். கொண்டாங்க அதை."

"இஸ்திரிப் பொட்டியிலயுங்களா?" என்றான் மச்சான்.

"பொட்டியிலதான். இதுக்கு மட்டும் இன்னம் சந்தனம் வெக்கலை. பூசைக்கு முன்னாடி ஒரு தேய்ப்புத் தேச்சாச் சாமி கோவிச்சுக்காது."

"ஸ்டீம் மட்டும் வேண்டாமுங்க மாஸ்டர். தண்ணிச் சூடு பட்டாத் தோலு செத்துப்போகும்."

"அது எனக்குத் தெரியாதுங்களா?"

அயர்ன் டேபிளில் மச்சானுடைய தப்பட்டையை வைத்து, மேலே ஒரு காட்டன் துணியைப் போட்டு, பெட்டியை வைத்தார். குழந்தைக்கு ஒத்தடம் கொடுப்பது போல மெதுவாக, ஒரு மூச்சுச் சத்தம் கூட இல்லாமல் தேய்த்தார். துணியை எடுத்து மச்சான் தட்டினான். கணீர். எல்லாரும் கை தட்டினார்கள்.

"இஸ்திரி போட்ட தப்பட்டை. மடிப்புக் கலையாம அடிக்கோணும்டா" என்றார் வேன் அண்ணன்.

அந்தக் கணீரைக் கேட்டதும் எல்லாருக்கும் நிம்மதி வந்துவிட்டது. பொரிப் பொட்டலத்துக்குப் போய்விட்டார்கள். எனக்கு நிம்மதி வந்தால் அது எதற்காக வந்தது என்று சந்தேகம் வரும். முதலாளியம்மா எப்போது வருவாரோ என்று வாசல் கேட் பக்கம் போய் நின்றுகொண்டேன். பூசாரி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்னாலேயே முதலாளியம்மாவின் காரும் வந்தது. அவர் நேராகப் பூசைக்குப் போனார். அந்த நேரம் உள்ளேயிருந்து புஸ் என்று ஒரு சத்தம். சர்க்கரைப் பொங்கல் குக்கர் என்று நினைத்தேன். மறுபடியும் புஸ். கொஞ்சம் விட்டுப் புஸ், புஸ். அது ஒரு தாளத்தில் வந்துகொண்டிருந்தது. பொங்கலைப் பாத்திரத்தில் வைத்ததை நானே பார்த்தேனே, குக்கர் ஏது என்று தோன்றியதும் ஓடினேன்.

அயர்ன் மாஸ்டர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, கடைசித் தப்பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். முதல் தப்பட்டைக்கு இருந்த பயம் போய், அன்றாட வேகம் வந்துவிட்டது. ஒரு இழுப்புக்கு ஒரு புஸ். மேலே தொங்குகிற தண்ணீர் பாட்டிலில் பாதி காலி.

"மாஸ்டர்! ஸ்டீமு!"

அவர் தன் கையைப் பார்த்தார். கட்டை விரல் பித்தானில் இருந்தது. வேறு யாருடைய விரலோ போலப் பார்த்தார்.

"ஐயோ சாமி, பெருவெரலு! நான் அமுத்தலீங்க. அதுவா அமுத்திப்போட்டுது!"

தட்டிப் பார்த்தோம். தொப். அடுத்தது, தொப். மூன்றும் நனைந்த பாயைத் தட்டுகிற மாதிரி இருந்தது. "அண்ணா, டென்சன் வேணாம்" என்றான் பீகார்க்காரத் தம்பி. எல்லாவற்றுக்கும் அவன் சொல்வது அதுதான். அன்றைக்கு அவன் முகத்திலேயே டென்ஷன் இருந்தது.

பாட்டுக்கார அக்கா வந்து நான்கையும் பார்த்தார். "இப்ப என்ன குடி முழுகிப்போச்சு? ஒரு தப்பட்டை பேசுதல்ல? எங்க கையி பேசுமல்ல? நாங்க ஒண்ணை வெச்சுக் கும்மியடிச்சுட்டு இருக்கறோம். இந்த மூணையும் தூக்கிட்டுப் போயி எங்காச்சும் தீயைக் காட்டிட்டு வாங்க."

"எங்கக்கா போறது?"

"அதையும் நானே சொல்லோணுமா?"

"முக்குல பரோட்டாக் கடைங்க" என்றார் அயர்ன் மாஸ்டர். அவரே இரண்டு தப்பட்டையைத் தூக்கிக்கொண்டார். ஒன்றை நான் எடுத்துக்கொண்டேன். எங்களுக்குப் பின்னால் மச்சானின் ஒற்றைத் தப்பட்டை ஆரம்பித்தது.

பரோட்டாக் கடைக்காரர் மதுரைப் பக்கம். பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கல்லைத் தேய்த்துக் கழுவி, நடுவில் சந்தனப் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்.

"என்னண்ணே, தோலைத் தூக்கிட்டு வர்றீங்க? மட்டன் ஐட்டமெல்லாம் நம்மகிட்ட இல்லையே."

விஷயத்தைச் சொன்னோம். நான் அவசரத்தில் பின்பாதியை முதலிலும் முன்பாதியைப் பின்னாலும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"இப்பத்தாண்ணே கல்லுக்குச் சூடம் காட்டிட்டு ஒக்காந்தேன். இன்னிக்குப் போயி அடுப்பு மூட்டுனா என் ஆயுதம் கோவிச்சுக்கும்ல?"

"என் ஆயுதம் காலையிலயே கோவிச்சுக்குச்சுங்க" என்றார் அயர்ன் மாஸ்டர்.

அந்த ஒரு வார்த்தைக்கு எழுந்தார். கல்லைத் துணியால் பிடித்து இறக்கி வைத்தார். கேஸைத் திறந்தார். நீலத் தீ வட்டமாக எழுந்தது. "கிட்டக் கொண்டாராதீங்க. கருகிரும். ஒரு முழம் மேல பிடிச்சுச் சுத்துங்க. ஆங், அப்படி. என் பொழப்பே இதுதான."

நான் சுற்றினேன். தோல் சூட்டில் வெடித்துவிடுமோ என்று ஒரு கவலை. வெடிக்காமல் நேரமாகிவிடுமோ என்று இன்னொன்று. தூரத்தில் கும்மிக் கையொலி கேட்டது. கம்பெனி ஆட்களும் சேர்ந்திருக்க வேண்டும், சத்தம் வட்டமாகப் பெருத்தது. திடீரென்று நின்றது. "ஏன் நின்னுபோச்சு?" என்றேன். "பாட்டு முடிஞ்சிருக்குமுங்க" என்றார் அயர்ன் மாஸ்டர். டம் என்று ஒரு சத்தம். பூசணிக்காய் உடைத்துவிட்டார்கள். பூசை முடிந்தது. இனி முதலாளியம்மா வெளியே வந்து நிற்பார். நின்று கேட்க ஒற்றைத் தப்பட்டைதான் இருக்கும். வேன் அண்ணனுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன்.

"அண்ணே, போனைத் தீயில விட்ராதீங்க" என்றார் கடைக்காரர்.

மூன்றும் பேச ஆரம்பித்தபோது வெளியே தூறல் வலுத்திருந்தது. கடைக்காரர் பார்சல் கவர் கொடுத்தார். பிளாஸ்டிக்கில் சுற்றினால் உள்ளே வேர்த்துவிடுமே என்றேன். அயர்ன் மாஸ்டர் தன் புதுச் சட்டையைக் கழற்றித் தப்பட்டைகளைச் சுற்றினார். பனியனோடு பனியன் கம்பெனிக்கு ஓடினோம். "காசு வேணாம்ணே, ராத்திரி பரோட்டா வாங்கிக்கங்க" என்று பின்னாலிருந்து கத்தினார் கடைக்காரர்.

நாங்கள் இல்லாதபோது நடந்ததைப் பாட்டுக்கார அக்காதான் பிறகு சொன்னார். அவர் கட்டின பாட்டையே எடுத்திருக்கிறார்:

"எட்டு மணிச் சங்கு ஊதுது எந்திரிடி தங்கமே,
ஏறவேண்டிய பஸ்சு போகுது ஓடிவாடி தங்கமே."

செக்கிங் பெண்கள், டெய்லர்கள், கணக்குப் பிள்ளை வரைக்கும் வட்டத்துக்குள் வந்துவிட்டார்களாம். முதலாளியம்மா படியில் நின்றாராம். உள்ளே போகத் தோதாக ஒரு கால் மேல்படியில். இரண்டாவது பாட்டில் அந்தக் காலும் கீழே இறங்கிவிட்டது. வளையல் சத்தம் கேட்டு அக்கா திரும்பிப் பார்த்தால், அவர் கை தன்பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அப்போது மேனேஜரைக் கூப்பிட்டு, "பின்னாடிச் செட்டுச் சாவியைக் கொண்டா" என்றிருக்கிறார்.

நாங்கள் கேட்டுக்குள் நுழைந்தது அந்த நேரத்தில். மேனேஜர் சாவியோடு படி இறங்கி வந்துகொண்டிருந்தார். எனக்குச் சாவி தெரியவில்லை. தப்பட்டையைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம் என்கிற எண்ணம்தான். வேன் அண்ணனும் பீகார்க்காரத் தம்பியும் என் கையிலிருந்தும் மாஸ்டர் கையிலிருந்தும் பிடுங்கினார்கள். மிச்சமிருந்ததை நான் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். மச்சான் திரும்பிப் பார்த்து ஒரு கத்துக் கத்தினான். நான்கும் சேர்ந்து விழுந்தது. நல்ல சூட்டில் இருந்த தோல். தகரக் கூரை திருப்பி அடித்தது. அப்படி ஒரு சத்தத்தை நாங்கள் அதற்கு முன்னால் போட்டதே இல்லை.

முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கை நின்றுவிட்டது. முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மேனேஜர் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார், சாவியைப் பார்த்தார், அவர் பின்னாலேயே போனார்.

சாவி உள்ளே போனதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். அயர்ன் மாஸ்டர் பனியனோடு நடுவில் நின்று, கண்ணீர் வரச் சிரித்துக்கொண்டு ஆடினார். எனக்கு அதற்கு மேல் அடிக்க வரவில்லை. தப்பட்டையைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டு, சுவரோரம் போய் நின்றேன். யாரோ பொரிப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். ஒவ்வொரு பொரியாகத் தின்றேன். நான்தான் கொண்டுவந்தேன். பாதி வழியில் தூறலில் நனைந்து தொலைந்திருந்தாலும் செட் கிடைத்திருக்கும். இதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வந்தார். "உங்களையும் அந்த அக்காவையும் வரச் சொல்றாங்க."

ஆபீஸ் ரூமில் முதலாளியம்மா உட்கார்ந்திருந்தார். கண் கொஞ்சம் சிவந்திருந்தது. சாவி கால்குலேட்டர் பக்கத்தில் கிடந்தது. சன்னல் திறந்திருந்தது. வெளியே அடிக்கிற அடி உள்ளே மேசைக் கண்ணாடியில் அதிர்ந்தது.

"அந்த ஒத்தைத் தப்பட்டையும் கும்மியும் எனக்குப் புடிச்சுது" என்றார். "அதுக்கு ஒண்ணும் வேண்டாம், சும்மா வந்து அடிச்சுக்குங்க. பொறவு மூணு வந்துதே, அதை ஆரு கூட்டியாந்தது?"

"நான்தானுங்க."

"அது அன்னைக்குக் கேட்ட மாதிரியேதான் இருக்குது."

முதலாளியம்மா வெளியே அடிக்கிறதைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு கால்குலேட்டரைக் கிட்டே இழுத்தார்.

"அதுக்கு வாடகை உண்டு. தப்பட்டை ஒண்ணுக்கு மாசம் நூத்தம்பது. மொதல் தப்பட்டை இனாம். மூணுக்கு நானூத்தம்பது."

"பீஸ் ரேட்டுங்களா?" என்றார் அக்கா.

"எனக்கு வேற என்ன ரேட்டுத் தெரியும்?"

அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சத்தம் நெம்ப இருக்குதுன்னு சாவியைத் திருப்பி வாங்கிக்குவீங்களாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அக்கா என் காலை மிதித்தார்.

"சத்தத்துக்கு வாங்க மாட்டேன். வாடகை பாக்கி வெச்சா வாங்கிக்குவேன்."

சாவி இப்போது என்னிடம் இருக்கிறது. யாரிடம் கொடுப்பது என்று பேச்சு வந்தபோது மச்சான், "தொலைக்கவே தொலைக்காத ஆளு ஒருத்தர் இருக்காருங்க, தொலைஞ்சு போச்சான்னு தெனம் பத்துத் தடவை பார்த்துக்குவாரு" என்று என்னைக் காட்டினான்.

செட் நீளமானது. மிஷின் நின்ற இடங்களில் தரையில் எண்ணெய் வட்டம் இருக்கிறது. அந்த வட்டங்களில் ஆளுக்கொன்றில் நின்றுகொள்கிறோம். அங்கேயும் தீ கூடாது. ஞாயிற்றுக்கிழமை அயர்ன் மாஸ்டர் வந்து தப்பட்டைகளைத் தேய்த்துக் கொடுப்பார். தண்ணீர் பாட்டிலைக் கழற்றிவிட்டுத்தான் தேய்ப்பார். அப்படியும் நம்பாமல் கட்டை விரலில், பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணிக் கீற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்வார். "புண்ணுங்களா மாஸ்டர்?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "இல்லீங்க, ஜெயிலு" என்பார். ராத்திரி எல்லாருமாகப் பரோட்டாக் கடைக்குப் போவோம். அது கடைக்காரருக்குக் கொடுத்த வாக்கு.

ஆர்டர் குறைந்த ஒரு மாதம் வந்தது. மச்சான் கம்பெனியில் வாரம் நான்கு நாள்தான் வேலை. பீகார்க்காரத் தம்பி ஊருக்குப் பணம் அனுப்பிவிட்டுக் கையை விரித்தான். துண்டில் விழுந்த காசும் ஒருவர் வீட்டுக் கால் ஆபரேஷனுக்குப் போய்விட்டது. முதல் தேதி வந்தது, வாடகை சேரவில்லை. முதலாளியம்மா கேட்டு அனுப்பவில்லை. "கேட்டாக் குடுத்துக்கலாமுங்க மச்சான், நீங்களாப் போயி வாயைத் தொறக்காதீங்க" என்றான் மச்சான். கேட்டுவிட்டால் பரவாயில்லை, கேட்காமல் இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கேட்காமலேயே ஒரு பூட்டை மாற்றிவிட முடியும். ஞாயிற்றுக்கிழமை செட்டுக்குப் போகும்போது முதலில் பூட்டைத்தான் பார்ப்பேன், பழைய பூட்டுத்தானா என்று.

அந்த நேரம் பார்த்து அயர்ன் மாஸ்டர் சொந்தமாக ஒரு தப்பட்டை வாங்கிக்கொண்டு வந்தார். மஞ்சள் குங்குமமெல்லாம் வைத்து, முகம் கொள்ளாத சிரிப்போடு வந்தார். வட்டத்துக்குள் வந்தவரைப் போகச் சொல்லக் கூடாது. "மெதுவா அடிங்க மாஸ்டர்" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு மெதுவாக அடிக்கத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் வீட்டுக்குப் போகாமல், நானூற்றைம்பதை எண்ணித் தனியாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனேன். மற்றவர்களிடம் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று. வழியில் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்திப் பையைத் தொட்டுப் பார்த்தேன். முதலாளியம்மா அதே மேசையில், அதே கால்குலேட்டரோடு இருந்தார்.

"மூணு தப்பட்டைக்குங்கம்மா. லேட்டாப்போச்சு. மனசுல வெச்சுக்காதீங்க."

அவர் பணத்தை வாங்கவில்லை. "போன ஞாயித்துக்கெழமை அஞ்சு கேட்டுதே" என்றார்.

செட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னந்தோப்பும் இரண்டு தெருவும் இருக்கின்றன.

"ஆமாங்க" என்றேன். "அஞ்சுதானுங்க."

"அந்த அஞ்சாவது ஆளு சித்த முந்தறாரு. தாளத்துக்கு முன்னாடி ஓடறாரு."

"அயர்ன் மாஸ்டருங்கம்மா."

"அதான் பார்த்தேன்" என்றார். "பெருவெரலா?"

மேனேஜர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். நான் தலையை ஆட்டினேன். அவர் கால்குலேட்டரில் தட்டினார். "மொதல் தப்பட்டை போக நாலு. அறுநூறு."

என் பையில் பெட்ரோலுக்கு வைத்திருந்த ஐம்பதும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய சம்பளக் கவரும்தான் மிச்சம். கவரைப் பிரிக்கலாமா என்று கை போனது. "ஊட்டுக் காசைத் தொடாதீங்க" என்றார் அவர். நானூற்றைம்பதை எடுத்து இழுப்பறையில் போட்டார். நான் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். பாக்கி வைத்தால் வாங்கிக்கொள்வேன் என்று சொன்னவர் அல்லவா. அவர் அதைக் கால்குலேட்டர் நுனியால் என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க. நீங்க வேற, சாவியை வெச்சுப்போட்டு எப்படித் தொறப்பீங்க? அந்த மாஸ்டரைக் கொஞ்சம் நெதானமா அடிக்கச் சொல்லுங்க. பாக்கியை அடுத்த வாரம் கொண்டாங்க."

வெளியே வந்து வண்டியை எடுத்தேன். தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பி வந்து, செட்டின் பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

பாக்கி, நூற்றைம்பது ரூபாய்.